புதுப்பிப்பு: தங்கையின் இனிப்பு நீர், மாத்திரையா ஊசியா?

28 வாரக் கர்ப்பத்தில் தங்கைக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), மெட்ஃபோர்மின் மாத்திரை நல்லதா இன்சுலின் ஊசி நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

மெட்ஃபோர்மினில்தான் தொடங்கினாள். முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது, சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும் அடங்கியது. ஆனால் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு 5.3 mmol/L-க்குக் கீழே இறங்கவே இல்லை. இப்போது இரவில் இன்சுலினும் உண்டு. தன் வாய்க்கட்டுப்பாடுதான் போதவில்லை என்று அழுதாள். அப்படியில்லை. 2008-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில், மெட்ஃபோர்மின் போட்டவர்களில் 46 சதவீதத்தினருக்குப் பிறகு இன்சுலினும் தேவைப்பட்டிருக்கிறது.

ஊசிக்கு அதிகம் பயந்தது அம்மாதான். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இன்சுலின் என்றாலே நோய் முற்றிவிட்டது என்றுதான் பேச்சு. மிஸ்ஸி (தாதி) பொறுமையாக விளக்கினார்: "மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும்மா, இன்சுலின் அப்படிப் போகாது." அப்புறம்தான் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. இப்போது இரவு ஒன்பதரைக்கு இன்சுலின் பேனாவை எடுத்துக் கொடுப்பதே அவர்தான்.

கிளிபென்கிளமைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். இன்சுலினோடு ஒப்பிட்டால் அதில் பிள்ளையின் எடை கூடுவதும், பிறந்தவுடன் சர்க்கரை இறங்கிப்போவதும் அதிகம். நானாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

இன்று காலை 5.1.