இன்டர்வெலில் ஓடினால் டைரியில் ரிமார்க், இது நியாயமா?

மாடிவீட்டம்மா:
பையன் மூணாவது படிக்கிறான், தாம்பரம் பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஜூனில் சர்க்குலர் வந்தது. காலை 10 நிமிட இன்டர்வெலிலும் 40 நிமிட லஞ்சிலும் ஓடக் கூடாது, தொட்டு விளையாடக் கூடாது, பந்து கொண்டுவரக் கூடாது, சாப்பிட்டதும் அவரவர் இடத்திலேயே உட்கார வேண்டும். மீறினால் லீடர் பெயர் எழுதுவாள். மூணு தடவை ஆனால் டைரியில் ரிமார்க், நாலாவது தடவை லஞ்ச் முழுக்க ஸ்டாஃப் ரூம் வாசலில் உட்கார வேண்டும். நேற்று அவனுக்கு மூணாவது. "வராந்தாவில் ஓடினான்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டேன். காலை 7.15க்கு வேன் ஏறுகிறவன் மாலை 4.30க்கு இறங்குகிறான். எட்டு வயசுப் பிள்ளை இதற்கு நடுவில் எப்போதுதான் ஓடுவது?

சாக்பீஸ்தூள்:
மேடம், நான் வேறொரு பள்ளியில் டீச்சர், எங்களிடமும் இதே விதிதான். எங்கள் இடத்தை வந்து பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள், முன்னால் பேவர் பிளாக் போட்ட ஒரு முற்றம், அதில் பாதியில் வேன்கள். லஞ்ச் டூட்டிக்கு இரண்டு பேர். போன வருஷம் ஒருவன் ஓடி வந்து தண்ணீர்க் குழாய்த் திட்டில் மோதி முன்பல் இரண்டு போனது. அவனுடைய அப்பா மறுநாள் சிசிடிவியைப் போடச் சொல்லி "இந்த மிஸ் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்" என்று என்னைத்தான் கேட்டார். நிர்வாகமும் என்னிடம்தான் விளக்கக் கடிதம் வாங்கியது. ஓடக் கூடாது என்ற விதி வந்தது அதற்கப்புறம்.

பழையவிசில்:
22 வருஷம் பிஇடியாக, அதாவது உடற்கல்வி ஆசிரியராக, இருந்து ஓய்வு பெற்றவன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையைப் படியுங்கள். பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலில் குடிநீர், கழிப்பறையோடு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடுவது வரைக்கும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது. 5 வயசிலிருந்து 17 வரை தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வாரத்துக்கு இரண்டு பிடி பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு மிஸ் கடன் வாங்கிக்கொள்வார். அந்த 60 நிமிஷம் எங்கிருந்து வரும்?

சாக்பீஸ்தூள்:
சார், சட்டம் மைதானம் வேண்டும் என்கிறது, இன்டர்வெலில் ஓட விட வேண்டும் என்று எங்கே சொல்கிறது? மைதானம் இல்லாமல் அனுமதி கொடுத்தவர்களைக் கேளுங்கள். எங்களைக் கேட்டு என்ன பயன்.

தையல்நாலு:
நான் விதிக்கு ஆதரவு, வேண்டுமானால் திட்டுங்கள். என் மகளுக்கு யூகேஜியில் நெற்றியில் நாலு தையல். அவள் ஓடவே இல்லை. டிபன் பாக்ஸோடு நடந்து போனவளை அஞ்சாவது பையன் ஒருவன் லாக் அண்ட் கீ விளையாட்டில் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்து தள்ளிவிட்டான். "நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் மரத்தில் தொங்கினோம்" என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்தில் மண் தரை, பிள்ளைகளும் குறைவு.

ஆக்லாந்துதமிழன்:
இங்கே ஆக்லாந்தில் ஸ்வான்சன் என்ற ஆரம்பப் பள்ளியில் இடைவேளை விதிகளையே எடுத்துவிட்டார்கள், மரம் ஏறலாம், சேற்றில் உருளலாம். 2014இல் உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வின் பகுதியாகத்தான் செய்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த பள்ளிகளையும் சேர்த்து ஆய்வில் மொத்தம் 16 பள்ளிகள். பிள்ளைகளின் சந்தோஷம் கூடியதாகத்தான் முடிவு வந்தது.

தையல்நாலு:
அதே ஆய்வில் இடித்துத் தள்ளுவதும் கூடியது என்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆக்லாந்துதமிழன்:
இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சரிடம் போய்ப் புகார் சொல்வது குறைந்தது என்பதும் அதில்தான் இருக்கிறது. அவர்களே தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பயந்து வாயை மூடிக்கொண்டார்கள் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். இங்கே புல்தரை, அங்கே பேவர் பிளாக், அதுவும் சரிதான்.

பழையவிசில்:
தையல்நாலு, உங்கள் மகளுக்கு நடந்தது ஓட்டத்தால் அல்ல, யூகேஜியையும் அஞ்சாம் வகுப்பையும் ஒரே நேரத்தில் ஒரே முற்றத்தில் விட்டதால். நான் வேலை பார்த்த இடத்தில் லஞ்சை மூன்றாகப் பிரித்தோம். ஒரு நேரத்தில் இரண்டு வகுப்புகள்தான் வெளியே. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு இந்தப் பக்கம் ஓடுகிறவர்கள், அந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்கள் என்று விட்டோம். செலவு ஒரு மூட்டை சுண்ணாம்பு. ஒரு சண்டையும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், முழங்கால் சிராய்ப்பு தினமும் உண்டு. அப்புறம் அந்த நாலாவது தண்டனை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013இலேயே சொன்னது, தண்டனை என்றோ பாடம் என்றோ இடைவேளையைப் பிடுங்காதீர்கள் என்று. துறுதுறு என்று இருக்கிறவனை இன்னும் உட்கார வைத்தால் அவன் பிற்பகலில் பெஞ்சை ஆட்டுவான், வேறென்ன.

சாக்பீஸ்தூள்:
லஞ்சை மூன்றாகப் பிரித்தால் டூட்டியும் மூன்று. எனக்குச் சாப்பிடக் கிடைப்பதே 15 நிமிஷம். இதைச் சொன்னால் உடனே டீச்சருக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லை என்பீர்கள்.

மாடிவீட்டம்மா:
இல்லை மிஸ், அப்படிச் சொல்லவே மாட்டேன். அந்த விளக்கக் கடிதத்தை உங்களிடம் வாங்கியது அநியாயம். ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். இவன்கள் இப்போது புதிதாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறான்கள், பெயர் "நடை கேட்ச்". ஓடக் கூடாது, விறுவிறு என்று நடந்தே துரத்த வேண்டும், இரண்டு காலும் தரையை விட்டு எழும்பினால் அவுட். ஒலிம்பிக் நடைப் போட்டி விதியே அதுதானாம், இவன்களுக்கு யார் சொன்னது? பள்ளி ஷூவின் பின்பக்கம் ஒரே மாதத்தில் தேய்ந்துவிட்டது.

தையல்நாலு:
நடந்து இடித்தாலும் தையல்தான்.

பழையவிசில்:
அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள் மேடம். லஞ்சை வகுப்புவாரியாகப் பிரிக்க முடியுமா, 12 முதல் 2 வரை வேன்களை வெளியே நிறுத்த முடியுமா. கூட நாலு பெற்றோரை அழைத்துப் போங்கள், தனியாகப் போனால் உங்கள் பையன் பெயர்தான் அடிபடும்.

சாக்பீஸ்தூள்:
வேனை வெளியே நிறுத்துவது நல்ல யோசனை, நானும் எங்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டுப் பார்க்கிறேன். அப்புறம் இன்று எனக்கு லஞ்ச் டூட்டி. எங்கள் பிள்ளைகளும் அந்த நடை கேட்ச்தான் விளையாடிக்கொண்டிருந்தார்கள், எப்படிப் பரவியதோ. பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். லீடர் பெண் விடவில்லை, ஏழு பெயர் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். ஏழாவது பெயர் அவளுடைய சொந்தத் தம்பி.