மறு: நடையியல்: ‘ஃபோர்கிரவுண்டிங்’குக்குத் தமிழ்ச்சொல்

> ‘முன்னிலைப்படுத்தல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. பழகிய மொழியில் ஓரிடத்தைத் தனித்துத் தெரியச் செய்யும் உத்திதான் ‘ஃபோர்கிரவுண்டிங்’ (foregrounding). அதற்கு ‘முன்னிலைப்படுத்தல்’ என்று வைப்பதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. கவிதையின் நடையைப் பற்றி எழுதும்போது தன்மை, முன்னிலை, படர்க்கை என்று அடிக்கடி சொல்ல வேண்டிவரும். ஒரே பத்தியில் முன்னிலை இரண்டு பொருளில் வந்தால் படிப்பவர் திணறுவார். இன்னொரு சொல்லான ‘முன்புலமாக்கல்’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. அந்த ஆங்கிலச் சொல்லே செக் மொழியிலிருந்து போனதுதான். பிராகு வட்டம் என்ற மொழியியல் குழுவைச் சேர்ந்த முகர்ஷோவ்ஸ்கி 1932-இல் எழுதிய கட்டுரையில் அது ‘அக்துவலிசத்ஸெ’. பழகிப்போன மொழியை மறுபடி கண்ணில் படச் செய்வது என்பது கருத்து. முன்புலம், பின்புலம் என்ற ஓவியக்கூட உவமை அதில் இல்லை.

குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்வோம். ‘யாயும் ஞாயும்’, ‘எந்தையும் நுந்தையும்’, ‘யானும் நீயும்’ என்று மூன்று அடிகள் ஒரே அச்சில் தொடங்குகின்றன. என் தாய், உன் தாய்; என் தந்தை, உன் தந்தை; நான், நீ. என் பக்கம் ஒன்று, உன் பக்கம் ஒன்று, இரண்டிலும் ‘உம்’. காது அடுத்த சோடிக்குத் தயாராகும்போது ‘செம்புலப் பெயனீர் போல’ (செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல) வருகிறது. ‘உம்’ போய்விட்டது. கடைசி அடியில் நானும் இல்லை, நீயும் இல்லை. ‘நெஞ்சம் தாம் கலந்தன’. எனது, உனது என்ற பிரிவு இலக்கணத்திலேயே கரைந்துவிடுகிறது.

ஒன்றில் கவனம் வேண்டும். மற்ற அடிகளில் நான்கு சீர் இருக்க, நான்காம் அடி முச்சீராகக் குறுகுவதைக் கவிஞரின் மீறலாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இந்தப் பாட்டின் பாவகையான நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும். உவமையைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் அவர் செயல். பொதுவழக்கு தெரியாமல் விலகலைப் பேச முடியாது.

இப்படி ஓரிடம் தனித்துத் தெரிவதை நாம் என்ன சொல்கிறோம்? ‘எடுப்பாக இருக்கிறது’ என்கிறோம். ஆகவே என் பரிந்துரை ‘எடுப்பு’. எடுப்பான தொடர், ஒலியெடுப்பு, எடுப்பாக்கம் என்று எல்லா வடிவத்துக்கும் வளைந்து கொடுக்கிறது. எடுத்தல் (உயர்த்தல்), படுத்தல் (தாழ்த்தல்), நலிதல் (இடைப்படுதல்) என்று நன்னூல் ஓசை வேறுபாடு சொல்லும் இடத்துக்கும் உறவாகிறது. பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தையும் இசையில் எடுப்பு என்பார்கள், தெரியும். துறை வேறு என்பதால் இடிக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், இதன் எதிர்நிலைக்கு, அதாவது புழங்கிப் புழங்கிச் சொல் கவனத்திலிருந்து நழுவுவதற்கு, ‘மரப்பு’ சரியாக வருமா? கை மரத்துப்போவதைத்தான் நினைத்தேன். ‘மரபு’ என்று கண் தவறிப் படித்துவிடுவார்களோ என்பது மட்டும் உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.