புதுப்பிப்பு: டிரெய்லர் இழுக்கும்போது பிக்கப் திணறியதன் காரணம்

ஜெனரேட்டர் டிரெய்லரோடு ஏற்காடு மலைச்சாலையில் ஏறும்போது என் டீசல் பிக்கப் இழுவை இல்லாமல் கரும்புகை தள்ளுகிறது, காலியாகப் போனால் ஒரு குறையும் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரு கீறல்.

டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று பலரும் சொன்னீர்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் டீசல் போதாமல் திணறும் வண்டி இப்படிக் கரும்புகை விடாது. டீசல் வருகிறது, எரிக்கக் காற்றுதான் போதவில்லை என்பதற்கே அது அடையாளம். அதனால் மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரை மாட்டி, டிரெய்லரோடு மேட்டில் ஓட்டியே பார்த்தார். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கேட்ட பூஸ்ட் அழுத்தத்தைவிட, அதாவது டர்போ தள்ள வேண்டிய காற்றழுத்தத்தைவிட, வந்தது மிகவும் குறைவு. வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் இது தெரியவே தெரியாது. சுமையில் அழுத்தம் கூடும்போதுதான் கீறல் திறக்கிறது. அப்புறம் குழாயை அடைத்து, கம்ப்ரஸரில் லேசாகக் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தோம். நுரை பொங்கிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது.

ஹோஸையும் கிளாம்பையும் மாற்றியாச்சு. டர்போவையே மாற்றச் சொன்னால், முதலில் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இப்போது அதே சுமையோடு புகையில்லாமல் ஏறுகிறது. ஆனால் இத்தனை நாள் புகை விட்டதில், வெளிப்புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படிந்திருக்கலாம். அடுத்த சர்வீஸில் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.