மிரக்கிள் புரூட் செடியில் காய் தங்கவில்லை, தளிர் மஞ்சளிக்கிறது

வெள்ளவத்தையில், கடலிலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் தொலைவிலுள்ள எமது மொட்டைமாடியில், புளிப்பையும் இனிப்பாக உணரச் செய்யும் மேற்கு ஆபிரிக்க மிரக்கிள் புரூட் செடியொன்றை 4 ஆண்டுகளாகச் சாடியில் வளர்த்து வருகிறேன். இரண்டரை அடி உயரமான அது இருமுறை பூத்தும் ஒரு காய்கூடத் தங்கவில்லை. கடந்த மார்ச்சிலிருந்து முதிர்ந்த இலைகளின் நுனி கருகுவதோடு, இளந்தளிர்களும் நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்க மஞ்சளிக்கின்றன. பீ.எச். 4.5 முதல் 5.8 வரையான அமில மண்ணை விரும்பும் இச்செடிக்கு, யாரோ சொன்னதைக் கேட்டு முட்டைக்கோதுத் தூளை இட்டது என் மடமை; இப்போது மண் 6.9 காட்டுகிறது. குழாய் நீரை நிறுத்தி இரண்டு மாதங்களாக மழைநீரே ஊற்றுகிறேன், பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலையும் கட்டினேன், மாற்றமில்லை. கந்தகத்தூள் இட்டு இம்மண்ணையே மெல்லத் திருத்துவதா, அல்லது வேர் குலையும் அபாயத்தை ஏற்று, தும்புத்தூள் கலந்த புதிய கலவைக்கு மாற்றுவதா?