புதுப்பிப்பு: 4கே திரையில் மங்கலாகத் தெரிந்த பில்லிங் மென்பொருள் சரியானது

புது 4கே மடிக்கணினியில், எல்லாவற்றையும் இரு மடங்காகக் காட்டும் 200% அளவில், கடையின் பழைய பில்லிங் மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரிதாக்கும் வேலையை யார் செய்வது என்பதற்கு விண்டோஸில் ஒரு அமைப்பு உண்டு. அதில் முதலில் 'அப்ளிகேஷன்' (மென்பொருளே பார்த்துக்கொள்ளும்) தேர்வைப் போட்டேன். எழுத்து கூர்மையானது, ஆனால் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது; 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளிகள்) திரைக்கென எழுதிய மென்பொருள் அது, 4கே திரையிலோ புள்ளிகள் மிக நெருக்கம்.

அப்புறம் ஒருவர் சொன்ன 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' (விண்டோஸே பெரிதாக்கும்) தேர்வுதான் பலித்தது. விண்டோஸில் எக்ஸ்இ கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அங்கே ஓவர்ரைடு பெட்டியை டிக் செய்து 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பில்லில் 3 எது, 8 எது என்று இப்போது பளிச்சென்று தெரிகிறது.

எதிர்பாராதது: பொத்தான் படங்கள் இன்னும் மங்கல்தான். எழுத்தை விண்டோஸ் புதிதாக வரைகிறது. பொத்தானில் உள்ளது புள்ளிகளால் ஆன பிட்மேப் படம்; அதை இழுத்துப் பெரிதாக்க மட்டுமே முடியும்.