தமிழ்ப் பேய்ப்படம் பயமுறுத்துதா, இல்ல சும்மா சத்தம் போடுதா?

ராத்திரிக்காட்சி:
ரெண்டு மூணு வருஷமா வந்த பேய்ப்படம், த்ரில்லர் ஒண்ணு விடாம தியேட்டர்லயும் ஓடிடிலயும் பாத்துட்டு வர்றேன், அந்த உரிமைல சொல்றேன், தமிழ்ல பேய்ப்படம்னு ஒண்ணு இப்ப கிடையாது. இருக்கிறதெல்லாம் பேய் வர்ற காமெடிப்படம், இல்லன்னா பேய் வர்ற அழுகைப்படம். பெரிய பங்களா, ஒரு கூட்டுக்குடும்பம், கூட நாலு காமெடியன், இடைவேளைக்கு பேய் முகத்தைக் காட்டும், அப்புறம் பேய் உயிரோட இருந்தப்ப எவ்ளோ நல்ல பொண்ணுன்னு ஒரு நீள ஃப்ளாஷ்பேக், கடைசில அம்மன் பாட்டு, வில்லன் பறந்து போய் சுவத்துல விழுவான், வணக்கம்.

பக்கத்துல கேரளால ராகுல் சதாசிவன்னு ஒருத்தர் 2022ல பூதகாலம், 2024ல பிரமயுகம், 2025ல டீயஸ் ஈரேன்னு எடுத்துத் தள்ளிட்டாரு. பூதகாலத்துல முக்கால்வாசிப் படம் பேய் இருக்கா இல்லையான்னே தெரியாது. ஒரு வாடகை வீடு, வேலை கிடைக்காத பையன், மனச்சோர்வுல இருக்கிற அம்மா (ரேவதிக்கு இதுக்கு கேரள அரசு விருது கிடைச்சுது), ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பாத ஒரு வீடு, பாட்டி படுத்திருந்த ரூம். அவ்ளோதான் செலவு. பேயைவிட அந்த அம்மா பையன் சண்டைதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. இந்த மாதிரி ஒண்ணு தமிழ்ல ஏன் வரலன்னு யாராச்சும் சொல்லுங்க.

மதுரை_மச்சான்:
வந்துட்டாருய்யா கேரளா தூதர். ண்ணே, வருஷத்துக்கு பத்து தடவை இதே பாட்டுதான், "மலையாளத்துல பாரு மலையாளத்துல பாரு". பிரமயுகம் நானும் பாத்தேன், மம்மூட்டி மிரட்டிட்டாரு இல்லன்னு சொல்லல, ஆனா முதல் ஒரு மணி நேரம் மழை பேய்ஞ்சுகிட்டே இருக்கு, ஒரு ஆள் நடந்துகிட்டே இருக்கான், என் பக்கத்து சீட்டுக்காரரு குறட்டை விட்டது சவுண்ட் டிசைன்ல சேந்துருச்சு. பேய்ப்படம்னா எங்க வீட்ல ஆத்தா, அக்கா, அக்கா பிள்ளைக, எல்லாரும் வேன் புடிச்சுப் போவோம். பயந்து கத்தணும், அடுத்த நிமிஷம் சிரிக்கணும், பாப்கார்ன் கொட்டணும். காஞ்சனா 2011ல வந்தப்ப தியேட்டர்ல இருந்த கூச்சல உங்க கருப்பு வெள்ளைப் பிரமயுகத்துல காட்டுங்க பாப்போம்.

அப்புறம் தமிழ்ல வரவே இல்லைன்னு சொல்றது பச்சைப் பொய். 2015ல வந்த டிமான்டி காலனி? ஹீரோயினே கிடையாது. ஆழ்வார்பேட்டைல நிஜமாவே இருந்த காலனி, நாலு பயலுக, ஒரு ரூமு, டிவில ஓடுற படத்துல அவிய்ங்களே செத்துக் கிடக்கிறத அவிய்ங்களே பாக்குறாய்ங்க. அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு.

ராத்திரிக்காட்சி:
அதே படத்தோட ரெண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15க்கு வந்துச்சே, அதப் பத்தி ஏன் மூச்சு விடல மச்சான்? முதல் பாகத்துல ஒரு ரூமுக்குள்ள நாலு பேர், வெளில போக வழி இல்ல, அதான் பயமே. ரெண்டாவதுல ஆளு கூடிப்போச்சு, இடம் கூடிப்போச்சு, ரூல்ஸ் கூடிப்போச்சு. இது நடந்தா அது நடக்கும், அந்த நேரத்துக்குள்ள இத செய்யணும்னு ஒரே விளக்கம். கணக்குப் பரீட்சை எழுதிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. படம் ஓடுச்சு, ஒத்துக்கறேன், ஓடினதையா நான் கேட்டேன்?

ஆபரேட்டர்_அண்ணன்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நடுவுல நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். சின்ன ஊர்ல ஒரு தியேட்டர்ல ப்ரொஜெக்டர் ரூம்ல வேலை பாக்குறவன், பேரெல்லாம் வேணாம். 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? புதுப்படம் எதுக்கும் ஆள் வரல, பழைய கில்லியை மறுபடி ரிலீஸ் பண்ணிதான் பல தியேட்டர்ல லைட் எரிஞ்சுச்சு. அப்புறம் மே 3ம் தேதி அரண்மனை 4 வந்துச்சு, பொம்பளைங்க குழந்தைங்கன்னு வரிசைல நின்னாங்க. சம்பளம் வந்துச்சு. அந்தப் படத்துல வர்ற பேய்கூட நம்மூர் பேய் இல்ல, அஸ்ஸாம் பக்கத்து நாட்டுப்புறக் கதைல வர்ற பாக்ன்னு ஒண்ணு. ஆள் உருவத்துல வந்து ஏமாத்துமாம். புதுசா தேடித்தான் புடிச்சிருக்காங்க, ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லக்கூடாது.

இன்னொரு விஷயம், இது யாரும் பேசமாட்டாங்க. நீங்க சொல்ற அமைதியான பேய்ப்படம் எங்க தியேட்டர்ல ஓடாததுக்கு பாதிக் காரணம் சவுண்டு. மிக்ஸிங் பண்றப்ப ஃபேடர (சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற கட்டுப்பாடு) 7ன்னு ஒரு லெவல்ல வச்சு கேட்டுதான் ஒலி சேக்கிறாங்க. நாங்களும் 7ல ஓட்டணும், அப்பதான் அவங்க கேட்டது உங்களுக்குக் கேக்கும். ஆனா விளம்பரமும் டிரெய்லரும் காதக் கிழிக்கிற மாதிரி வரும், நாலு பேர் வந்து கத்துவாங்க, முதலாளி குறைடான்னு சொல்லுவாரு, 5க்கு இறக்கிடுவோம், அப்புறம் படத்துக்கு ஏத்த மறந்துடுவோம். 5ல ஓடினா என்ன ஆகும்? திடுக்குன்னு வர்ற சத்தம் அப்பவும் கேக்கும். பக்கத்து ரூம்ல யாரோ மூச்சு விடுற சத்தம், மரப்படி கிறீச்சுங்கிறது, அதெல்லாம் ஏசி சத்தத்துக்குள்ள போயிடும். அதனால டைரக்டர் என்ன பண்றான், டமால்னு அடிக்கிற சத்தத்தையே நம்புறான். அவன் மேல மட்டும் தப்பு இல்ல.

ராத்திரிக்காட்சி:
அண்ணே இது செம பாயிண்ட். அதான் எனக்கு பூதகாலம் வீட்ல ஹெட்ஃபோன்ல அவ்ளோ வேலை செஞ்சிருக்கு, அது நேரா சோனி லிவ்ல வந்த படம். ஆனா ஃபேடர் மட்டும் காரணம்னா கேரளா தியேட்டர்லயும் ஏசி ஓடுதே?

ஆபரேட்டர்_அண்ணன்:
அங்க என்ன நம்பர்ல வைக்கிறாங்கன்னு அங்க இருக்கிற ஆபரேட்டர்தான் சொல்லணும் தம்பி. எங்க கதை இது. இடைவேளையும் சேத்துக்கோங்க. 2022 டிசம்பர்ல கனெக்ட்னு நயன்தாரா படம் வந்துச்சே, லாக்டவுன் வீட்ல வீடியோ கால்லயே பேய் ஓட்டுற கதை, மொத்தம் 99 நிமிஷம், இடைவேளையே வேணாம்னு எடுத்தாங்க. நல்ல ஐடியா, பயத்த நடுவுல விடக்கூடாது. ஆனா எங்க கேன்டீன்காரர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, பேய் தோத்துது. டிக்கெட்ல வர்றது பாதி விநியோகஸ்தருக்குப் போயிடும், பப்ஸ்லயும் டீலயும்தான் நாங்க மூச்சு விடுறோம்.

ட்விஸ்ட்_தம்பி:
பேய விடுங்க ப்ரோஸ், த்ரில்லருக்கு வாங்க, அங்க நாமதான் கெத்து. ராட்சசன் 2018ல வந்து தெலுங்கு, ஹிந்தி ரெண்டுலயும் ரீமேக் ஆச்சு, போர் தொழில் 2023, மகாராஜா 2024. மகாராஜா சைனா வரைக்கும் ரிலீஸ் ஆச்சு தெரியும்ல? குப்பைத்தொட்டி காணோம்னு ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றான், அந்தத் தொட்டி பேரு லட்சுமி, எல்லாரும் சிரிக்கிறாங்க, நாமளும் சிரிக்கிறோம், கடைசில அந்தச் சிரிப்பு நம்ம தொண்டைலயே நிக்குது. இப்படி ஒரு ஸ்க்ரீன்ப்ளே இந்தியாவுல யாரு பண்ணிருக்கா சொல்லுங்க.

நெல்லை_நாச்சியார்:
தம்பி, மகாராஜா பாத்துட்டு நான் ரெண்டு நாள் கடுப்புல இருந்தேன், காரணத்தச் சொல்லுதேன். (படம் பாக்காதவிய இந்தப் பத்தியத் தாண்டிருங்க.) வேற வேற காலத்துல நடக்குத ரெண்டு கதைய ஒரே காலத்துல நடக்குத மாதிரி வெட்டி ஒட்டி வச்சிருக்காவ. படத்துல இருக்க முக்கியமான ஆளுங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும், அந்த அப்பனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். பாக்க வந்த நமக்கு மட்டும் கண்ணக் கட்டி விட்டுருக்காவ. அந்தக் கட்டை அவுக்கும்போது உள்ள ஒரு புள்ளைக்கு நடந்த கொடுமை இருக்கு, அத ட்விஸ்டா நம்ம மூஞ்சில எறியுதாவ. கெட்டிக்காரத்தனம் இருக்கு, இல்லன்னு சொல்லல. விஜய் சேதுபதி அந்தக் கடைசில நிக்குத நிப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ளையோட வலி எடிட்டிங் வித்தைக்குத் தீனியாப் போச்சு.

ட்விஸ்ட்_தம்பி:
அக்கா அது ஏமாத்து இல்ல, துப்பு எல்லாம் முன்னாடியே இருக்கு, ரெண்டாவது தடவை பாத்தா தெரியும். த்ரில்லர்னாலே மறைக்கணும்தானே? மறைக்காம எப்படி?

நெல்லை_நாச்சியார்:
மறைக்காமலும் பயங்காட்டலாம். எங்கூர்ப் பக்கம் இசக்கியம்மன் கோயில் கொடைல (திருவிழாதான்) வில்லுப்பாட்டுல நீலி கதை படிப்பாவ, கேட்டிருக்கியா? ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனா அடிப்படை ஒண்ணுதான். முதல்லயே கொலை வந்துரும். நகைக்கு ஆசைப்பட்டு ஒருத்தன், மடில தல வச்சு உறங்குத நீலியக் கள்ளிச்செடிப் பக்கத்துல கல்லத் தூக்கிப் போட்டுக் கொல்லுதான். உங்க ஃப்ளாஷ்பேக் அங்க ஆரம்பத்துலயே முடிஞ்சுபோச்சு. அடுத்த பிறவில அவன் வியாபாரி, கைல ஒரு மந்திரக் கத்தி, அது இருக்க மட்டும் பேயா வந்த அவளால நெருங்க முடியாது. அவ அங்கன இருந்த கள்ளிக் கொப்ப ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "இவரு என் புருசன், என்னைய விட்டுட்டு ஓடுதாரு"ன்னு பழையனூர்ல ஊர்க் கூட்டத்துல போய் அழுவா. எழுபது பேர் பெரிய மனுசங்க. அந்தப் பிள்ளை அவன் மடில போய் உக்காந்து அப்பான்னு கூப்பிடும். எழுபது பேரும் நம்பிருவாவ. "கத்தியக் கீழ வைப்பா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க உசுரு பொறுப்பு"ன்னு அவன்கிட்டச் சொல்லி ராத்திரி அவளோட ஒரே அறைல விட்டுக் கதவச் சாத்துவாவ.

கதை கேக்குத கூட்டத்துல இருக்க அத்தனை பேருக்கும் அவ யாருன்னு தெரியும். அவனுக்கும் தெரியும். எழுபது பேருக்கு மட்டும் தெரியாது. அந்தக் கத்தியக் கீழ வைக்குத எடத்துல வில்லு அடிக்கதக்கூட நிறுத்திட்டு வெறும் வசனமாச் சொல்லுவாவ, ஒரு குஞ்சு அசையாது. திடுக்குன்னு ஒரு சத்தமும் இல்ல. ட்விஸ்டும் இல்ல.

மதுரை_மச்சான்:
யக்கா இத நீங்க எனக்கு சப்போர்ட்டா சொன்னீங்களா அவருக்கு சப்போர்ட்டா சொன்னீங்களா? நான் கேக்குறது, நீலியும் நியாயம் கேட்டு வந்தவதானே. அதான் நம்ம பேய். பிரமயுகத்துல வர்ற குட்டிச்சாத்தான் மாதிரி சும்மா அதிகாரம் பண்ண வராது. அநியாயமா செத்தவ திரும்ப வருவா, அடிப்பா, நாம கைதட்டுவோம். அந்த ஃப்ளாஷ்பேக்க தூக்குனா எங்க ஆத்தா எதுக்கு படத்துக்கு வரணும்? வேற எந்தப் படத்துல பொம்பள ஒருத்தி நாலு பேரத் தூக்கிப் போட்டு மிதிக்கிறா?

ராத்திரிக்காட்சி:
ஃப்ளாஷ்பேக் வேணாம்னு இல்லய்யா, எங்க வைக்கிறாங்கங்கிறதுதான் சண்டை. அக்கா சொன்ன கதைல அநியாயம் முதல்ல, பேய் அப்புறம், அதனால அவ மேல பரிதாபமும் பயமும் சேந்தே ஓடுது. நம்ம படத்துல ஒன்றரை மணி நேரம் பேயக் காட்டி கத்த வச்சுட்டு, அப்புறம் "பாவம்ங்க அது"ன்னு சொல்றாங்க. சொன்ன நிமிஷமே பயம் செத்துருது, மிச்சப் படம் வெறும் அடிதடி. ராட்சசன்லயும் இதே கதைதான். அந்த கிஃப்ட் பாக்ஸுக்குள்ள சிதைச்ச பொம்மைத் தலை வர்ற வரைக்கும் உயிர் போகுது. கொலைகாரனோட சின்ன வயசுக் கதையச் சொல்ல ஆரம்பிச்சதும் பாத்ரூம் போயிட்டு வந்துடலாம்.

ட்விஸ்ட்_தம்பி:
ராட்சசனத் தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன் ப்ரோ. அந்த ஃப்ளாஷ்பேக் இல்லன்னா அவன் ஏன் ஸ்கூல் பொண்ணுங்களயே குறிவைக்கிறான்னு எப்படிப் புரியும்?

ராத்திரிக்காட்சி:
புரியலைன்னா என்ன? கிஷ்கிந்தா காண்டம்னு மலையாளப் படம் பாத்தியா, 2024 செப்டம்பர்? எலெக்ஷன் வருது, லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு உத்தரவு. ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர் வீட்டு அலமாரில துப்பாக்கியக் காணோம். அந்தப் பெரியவருக்கு ஞாபக மறதி, ஆனா அத யாருக்கும் காட்டிக்க மாட்டாரு. வீட்டப் பூட்டி வச்சு எதையோ தேடுறாரு, பேப்பர எரிக்கிறாரு. புதுசா கல்யாணம் ஆகி வந்த மருமக ஜன்னல் வழியா பாக்குறா. அவளுக்கு எவ்ளோ தெரியுதோ அவ்ளோதான் நமக்கும் தெரியும், அவகூடவே நாமளும் தேடுறோம். கடைசில தெரியவர்றப்ப "அட கெட்டிக்காரன்"னு டைரக்டரப் பாராட்டத் தோணல, அந்த வீட்டுக்காரங்கள நினைச்சு மனசு கனத்துப் போச்சு.

ட்விஸ்ட்_தம்பி:
அது ஸ்லோ ப்ரோ, 1.5 ஸ்பீடுல வச்சுப் பாத்தேன்.

நெல்லை_நாச்சியார்:
ஓடவிட்டுப் பாத்துட்டுப் படத்தக் குத்தம் சொல்லுதியேப்பா.

ஆபரேட்டர்_அண்ணன்:
போர் தொழில்ல கொலைகாரன் பக்கம் நடுவுலயே வெளிச்சம் விழுந்துடும், ஆனா அதுக்கப்புறமும் எங்க தியேட்டர்ல யாரும் எழுந்து போகல. சரத்குமார் தன்கூட வேலை பாக்குற புது போலீஸ் பையன முறைக்கிற முறைப்புக்கே கைதட்டல். பாட்டு வேணும்னும் யாரும் கத்தல. ஆக நம்ம ஜனம் பாக்காதுன்னு யாரும் பழி போடாதீங்க, ஒழுங்கா எடுத்தா பாக்குறாங்க. 1954லயே பாட்டே இல்லாம அந்த நாள் எடுத்த ஊரு இது.

மதுரை_மச்சான்:
சரிங்கண்ணே, அப்ப அக்கா சொன்ன நீலி கதையவே ஒருத்தன் படமா எடுக்கட்டும். நான் முதல் நாள் வேன் புடிக்கிறேன். ஆனா ஒண்ணு, அந்த எழுபது பேர்ல ஒருத்தர் யோகி பாபுவா இருக்கணும், அதுல மாத்தமே இல்ல.

ராத்திரிக்காட்சி:
இருக்கட்டும். கதவச் சாத்துன பிறகு ஒரு ஜோக் கூடாது.

மதுரை_மச்சான்:
ஒண்ணே ஒண்ணு?

நெல்லை_நாச்சியார்:
ஒண்ணும் கூடாது.