பெரிய உடம்புக்குப் பேர்போன இங்கிலாந்துக் கால்பந்து வீரர் அக்கின்ஃபென்வாவை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மால்டன்வாசி:
2015 ஜனவரி 5, லண்டனில் விம்பிள்டன் அணியின் அப்போதைய மைதானமான கிங்ஸ்மெடோ. அப்போது அவர் விம்பிள்டனுக்கு ஆடினார். ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத மைதானம், எதிரில் லிவர்பூல். நான் சின்ன வயதிலிருந்தே லிவர்பூல், ஆனால் வீட்டுக்குப் பக்கத்து மைதானம் என்பதால் விம்பிள்டன்காரர்கள் நடுவே நின்றேன், சிவப்பு ஸ்கார்ஃபை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு. லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு தலையால் முட்டி முதல் கோல். அப்புறம் 36வது நிமிடம் அந்தக் கார்னர். லிவர்பூல் கோல்கீப்பர் மினியோலே பந்தைக் கோட்டைவிட்டார், கோல் வாசலில் ஒரே நெரிசல், பந்து விழுந்த இடத்தில் அக்கின்ஃபென்வா. காலை நீட்டினார், கோல். நூறு கிலோ தாண்டிய மனிதர் அவ்வளவு சீக்கிரம் பந்துக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் பார்க்கிறேன், என் இரண்டு கையும் மேலே இருக்கின்றன. அவரும் லிவர்பூல் ரசிகர்தான், ஊருக்கே தெரியும். கடைசியில் ஜெரார்டு ஃப்ரீ கிக்கில் போட்டு 2-1 என்று ஜெயித்தோம், அந்தக் கோலுக்கு என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. இன்றுவரை ஏனென்று புரியவில்லை.

டூட்டிங்_அக்கா:
எனக்கு வெம்பிளி, 2016 மே 30, நான்காம் நிலை லீக்கான லீக் டூவின் பிளே-ஆஃப் இறுதி, ஜெயித்தால் மேல் லீக். பிளிமத்துக்கு எதிராக விம்பிள்டன் 1-0 என்று முன்னால், தொண்ணூறு நிமிடமும் தாண்டிவிட்டது, அப்போது பெனால்டி. வழக்கமாக அடிப்பவர் பந்தைக் கேட்கிறார், இவர் தரவே மாட்டேன் என்கிறார். ஒப்பந்தம் முடிகிறது, விம்பிள்டனுக்கு அதுவே கடைசி ஆட்டம். அந்த இழுபறிதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அந்த மாதம் எனக்கும் வேலை போயிருந்தது. அடித்தார், 2-0. பிறகு பேட்டியில், எனக்கு இப்போது வேலையில்லை, மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்றார். விக்கம்ப் கிளப் கூப்பிட்டது.

கோச்_அப்பா:
அக்கா, அதைப் பெருமையாகச் சொல்லக்கூடாது. பெனால்டி யார் அடிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள், தவறியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் பார்த்தது விக்கம்பின் மைதானமான ஆடம்ஸ் பார்க்கில் ஒரே தடவை. நெஞ்சில் பந்தை வாங்கினார், முதுகில் ஒரு டிஃபெண்டர் தொங்குகிறார், ஆள் அசையவில்லை. அவ்வளவுதான் என் கதை. ஆனால் பிள்ளைகளை ஆட விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் மகனை 12 வயதில் ஓர் அகாடமியில் உடம்பு பெரிது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், நானும் அதை நம்பி அவனைப் பட்டினி போட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வயிறு நிறையச் சோறு போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை லீக்கில் விடுங்கள், முதுகைக் காட்டிப் பந்தைக் காப்பாற்றப் பழக்குங்கள். ஸ்ட்ரைக்கர் ரிக்கி லாம்பர்ட்டை பிளாக்பூல் கிளப் கழற்றிவிட்டபோது பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 2013இல், 31 வயதில், இங்கிலாந்துக்காக முதல் தடவை பந்தைத் தொட்டதுமே ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோல். அகாடமிக்காரர்கள் சொல்வது தெய்வவாக்கு இல்லை.

லெய்டன்_தம்பி:
கோச் அண்ணா, அக்கா சொன்னதில் தப்பே இல்லை. பத்தொன்பது வயதுப் பையனாக லித்துவேனியாவில் அட்லாந்தாஸ் கிளப்புக்கு ஆடியபோது நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், ஓடி வராமல் நின்று கோப்பையோடு வந்தவர். அவரா பந்தை விட்டுக்கொடுப்பார்? நான் பார்த்தது டிவியில்தான், 2020 ஜூலை 13, கொரோனா காலம், வெம்பிளியில் ஆளே இல்லை. பிளே-ஆஃப் இறுதியில் விக்கம்ப் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று ஜெயித்தது, 38 வயதில் முதல் தடவையாக இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்குப் போகிறார். இனி வாட்ஸ்அப்பில் கிளாப் (அப்போதைய லிவர்பூல் மேனேஜர்) மட்டும்தான் கூப்பிடலாம் என்றார், கிளாப்பும் வாழ்த்தி வீடியோ அனுப்பினார். பந்தாட்டமே பார்க்காத என் அப்பா அந்தப் பழைய பேட்டியை நான் சொல்லிக் கேட்டிருந்தார். டிவியை அணைக்கப் போனபோது என்னைத் தடுத்து, "அந்த மனுஷனுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குதானே?" என்றார்.